எழுதாத விரிசல்

தெந்தியின் உள்ளங்கையில் ரேகை என்று ஒன்றும் மிச்சமில்லை. ஜிப்சம் சாந்தைக் கையாலேயே குழைத்துக் கையாலேயே பூசுகிறவர்களுக்கு அப்படித்தான் ஆகும். தோல் முதலில் வெடிக்கும், பிறகு தடிக்கும், கடைசியில் ஆற்றங்கரைக் கூழாங்கல் மாதிரி வழவழப்பாகிவிடும். சுட்ட ரொட்டியை அடுப்பிலிருந்து வெறுங்கையால் எடுத்துவிடுவார். அவர் மனைவி ஹெனுத் அதைப் பார்க்கும்போதெல்லாம், "பூச்சுக்காரரைக் கட்டிக்கிட்டதுக்கு இந்த ஒரு லாபந்தான். வீட்ல இடுக்கி வேண்டியதில்ல" என்பாள்.

அவர் பிறந்தது வடக்கே, ஆறு பல கிளைகளாகப் பிரிந்து சேற்றோடு சேறாகக் கலக்கும் சதுப்பு நாட்டில். அப்பா கெளுத்தி மீன் பிடித்துக் கருவாடு போடுகிறவர். வெள்ளம் வந்து வயலெல்லாம் மூடிக்கிடந்த ஒரு பருவத்தில் மன்னரின் ஆட்கள் படகுகளோடு வந்து, ஊருக்குப் பத்துப் பேர் என்று ஏற்றிக்கொண்டு போனார்கள். மூன்று மாதத்தில் திரும்பிவிடலாம் என்றார்கள். தெந்திக்கு அப்போது பதினாறு வயது. கயிறு பிடித்துக் கல் இழுக்கும் கூட்டத்தில் அவரைச் சேர்த்தார்கள். கல்லை அதன் இடத்தில் வழுக்கி உட்காரவைக்க அடியில் தண்ணீராகச் சாந்து ஊற்றுவார்கள். அது நினைப்பதற்குள் இறுகிவிடும். ஒருநாள் சாந்து குழைக்கிறவன் காய்ச்சலில் படுத்துவிட, வரிசையே நின்றுபோனது. தெந்தி கயிற்றைக் கீழே போட்டுவிட்டுப் போய்க் குழைத்தார். சேற்றிலேயே வளர்ந்தவருக்கு அது எந்த நொடியில் இறுகும் என்பதைக் கை சொல்லிவிட்டது. மூன்று மாதம் இருபது வருடமாகிவிட்டது.

மன்னர் ஸ்நெஃபெருவை வேலையாட்கள் யாரும் திட்டிக் கேட்டதில்லை. மழை இல்லாத நாட்டில் வெயிலைத் திட்டி என்ன பயன் என்று விடுவது போல அல்ல, உண்மையாகவே பிடித்திருந்தது. எதிரே வரும் படகோட்டியைக்கூட 'தோழா' என்று கூப்பிடுவாராம். அவருக்கு ஏற்கெனவே தெற்கே மெய்தூமில் ஒரு பிரமிடு இருந்தது. அது போதாதென்று, வடக்கே வந்து பாலைவன விளிம்பில் இரண்டாவதை ஆரம்பித்தார். இதுவரை யாரும் கட்டாத அளவுக்குப் பெரியது, யாரும் துணியாத அளவுக்குச் செங்குத்தானது. வேலையாட்கள் அதை 'மலை' என்றுதான் சொன்னார்கள். தெந்தி மன்னரைப் பார்த்தது ஒரே ஒரு முறை, சாரத்தின் மேலிருந்து. மன்னர் ஓர் எறும்பளவு இருந்தார். அவருக்கு மேலே பிடித்திருந்த நிழற்குடை இரண்டு எறும்பளவு இருந்தது.

மலை பாதி உயரம் வளர்ந்தபோது தெந்தி உள்ளறைப் பூச்சுக்காரர் ஆகியிருந்தார். உள்ளறை வேலைக்கு நாற்பது பேர். மன்னர் உறங்கப்போகும் அறை அது. குனிந்தபடியே சரிவுப் பாதையில் இறங்க வேண்டும். முதுகு நிமிரும் இடத்தில் அறை தொடங்கும். அதன் கூரை நான்கு பக்கமும் கல்லுக்கு மேல் கல் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே நீண்டு, உச்சியில் குறுகி முடியும். உள்ளே பகலும் தெரியாது, இரவும் தெரியாது. விளக்குத் திரியை அளந்துதான் கொடுப்பார்கள். திரி எரிந்து தீர்ந்தால் அன்றைய வேலை தீர்ந்தது.

அந்த நாற்பது பேருக்கும் மேஸ்திரி இன்காஃப் ஒரு வாக்குக் கொடுத்திருந்தார். வாக்கு அவருடையது அல்ல, அரண்மனையிலிருந்து வந்தது. அறை முடிந்ததும் நாற்பது பெயரும் பிரமிடின் நிரந்தரப் பணியாளர் பட்டியலில் ஏறும். மன்னர் அங்கே உறங்கும் காலம் முழுக்க அந்தக் குடும்பங்களுக்கு ரொட்டியும் பியரும் உண்டு. அவர்கள் பிள்ளைகளை யாரும் சுரங்கத்துக்குப் பிடித்துப்போக முடியாது. மன்னர் உறங்கும் காலம் என்றால் அதற்கு முடிவேது?

ஹெனுத்துக்கு ரொட்டி பெரிதில்லை. அவளே ரொட்டிச் சாலையில் மாவு பிசைகிறவள். சுரங்கம்தான் அவளுக்குப் பெரிது. அவளுடைய மூத்த அண்ணன் கிழக்கே பச்சைக்கல் சுரங்கத்துக்குப் போனவன், திரும்பி வரவே இல்லை. தெந்திக்கும் ஹெனுத்துக்கும் இரண்டு மகன்கள், ஒரு மகள். மூத்தவன் தோளுயரம் வளர்ந்துவிட்டான்.

விதைப்புக் காலத்தின் தொடக்கத்தில் ஒருநாள், கூரையின் மூன்றாவது கல்வரிசையில் தெந்தி ஒரு கோட்டைப் பார்த்தார். கல்லும் கல்லும் சேரும் இடத்திலிருந்தால் கவலையில்லை, அது எங்கும் இருப்பதுதான். இது கல்லின் நடுவிலேயே ஓடியது. சாந்து குழைத்துப் பூசி, தேய்ப்புக் கட்டையால் வழித்து, ஈரக்கையால் மெழுகினார். அப்படி ஒரு கோடு அங்கே இருந்தது என்று அவரே மறுநாள் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

எட்டு நாள் கழித்து அது மறுபடி வந்தது.

பூச்சுக்காரருக்கு இதைவிடத் தெளிவான சேதி கிடையாது. செத்த விரிசலைப் பூசினால் பூச்சு அப்படியே இருக்கும். பூச்சின் மேலேயே மயிரிழை ஓடினால் சுவர் இன்னும் நகர்ந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

ஆனால் விரிசல் என்ற சொல்லை அறைக்குள் யாரும் சொல்வதில்லை. மன்னரின் நிரந்தர வீட்டுக்குள் கெட்டதைச் சொன்னால் அந்தச் சொல் அங்கேயே தங்கிவிடும். அதனால் நாற்பது பேரும் அதற்கு 'விருந்தாளி' என்று பெயர் வைத்தார்கள்.

"என்ன மச்சான், விருந்தாளிக்கு இன்னிக்கும் விருந்தா?" என்று சாரத்தின் அடியிலிருந்து கேட்பான் பெபி. அவன் ஹெனுத்தின் தம்பி, தச்சன். சாரக்கட்டை இறுக்குவது அவன் வேலை.

"இப்பத்தான் எல வெச்சிருக்கேன்."

"போன வாரந்தான ரெண்டு கூடை தின்னாரு? வயிறா அது, ஏரியா?"

"உன்ன மாதிரிதான். வந்தா போறதில்ல, வெச்சா மிச்சம் விடறதில்ல."

சிரிப்பு கல்லில் மோதி மோதி உச்சிவரை போகும். மேஸ்திரி இன்காஃப் கீழேயிருந்து அதட்டுவார். அவருக்கு முழங்கால் வீக்கம், சாரம் ஏறமாட்டார். கீழே நின்று விளக்கைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தால், நீட்டிக்கொண்டிருக்கும் கல்வரிசைகளுக்குப் பின்னால் வழவழப்பான வெள்ளைதான் தெரியும்.

"நல்லாருக்கா தெந்தி?"

"பூசியாச்சு மேஸ்திரி."

இரண்டும் ஒன்றில்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும். எழுத்தர் பெர்சேன் பாதையின் வாயிலில் காலை மடித்து உட்கார்ந்து, "தெற்குச் சுவர் அழகாக்கப்பட்டது" என்று எழுதுவார். அந்த ஓலை அன்றன்றைக்கு மேலே போகும். மேலே இருந்தவர்கள் அதைப் படித்துவிட்டு அடுத்த வரிசைக் கல்லை ஏற்றினார்கள்.

அறுவடைக் காலம் வந்தபோது பதினைந்து முறை பூசியிருந்தார். எட்டு நாளுக்கு ஒருமுறை வந்தது ஐந்து நாளாயிற்று, பிறகு மூன்று. கிழக்குச் சுவரிலும் ஒன்று முளைத்தது. ஒருநாள் வேலை நடுவில் உச்சியிலிருந்து, காய்ந்த கிளை முறிவது போல ஒரு சத்தம் கேட்டது. நாற்பது பேரும் கையில் இருந்ததோடு அப்படியே நின்றார்கள். பெபி மட்டும், "விருந்தாளி ஏப்பம் விட்டாரு" என்றான். யாரும் சிரிக்கவில்லை.

அன்று திரி தீர்ந்து வெளியே வந்ததும், தெந்தி எழுத்தர் பெர்சேனிடம் போனார். அவர் மைக்கட்டியை உரசிக்கொண்டிருந்தார்.

"எழுத்தரய்யா, ஒண்ணு எழுதணும்."

"சொல்லுங்க."

"பதினஞ்சு தடவ பூசினதா எழுதுங்க. அவ்வளவு போதும்."

பெர்சேன் நாணல் எழுதுகோலைக் காதில் செருகிக்கொண்டார். "ஒரே எடத்தையா?"

"ஒரே எடந்தான்."

"அப்படி எழுதினா படிக்கிறவர் என்ன நினைப்பாரு? எதுக்குப் பதினஞ்சு தடவன்னு கேப்பாரு. நான் அதுக்குப் பதில் எழுதணும். எழுதினது நிலைச்சிடும் தெந்தி. நீங்க பூசுறது காஞ்சா உதிரும், மறுபடி பூசலாம். நான் எழுதறத யாரு திரும்ப வழிக்கிறது? ஆறு வராம ஜனம் செத்த வருஷத்தையே எங்கப்பா 'வெள்ளம் தாமதித்த வருஷம்'னுதான் எழுதினாரு. மன்னரோட அறைச் சுவத்துல அப்படி ஒண்ணு இருக்குன்னு நான் எழுதினா, அத அங்க உண்டாக்கினவன் நான்தான்னு ஆயிடும்."

"அது ஏற்கெனவே அங்க இருக்கே அய்யா."

"நீங்கதான பூசிட்டீங்க? அப்ப இல்ல."

பெர்சேன் கெட்டவர் இல்லை. அவர் சொன்னதை உண்மையாகவே நம்பினார். தெந்தியும் பாதி நம்பினார். அந்தப் பாதிதான் அவரை மேலும் ஒரு வாரம் பூசவைத்தது.

பதினேழாவது பூச்சுக்கு முந்தின நாள் சேதி வந்தது. மன்னரின் வேலைகளுக்கெல்லாம் தலைவராக இருந்தவர் நாளை மறுநாள் உள்ளறையைப் பார்க்க வருகிறார். பார்த்துவிட்டால் பட்டியலில் முத்திரை வைப்பார். மேஸ்திரி இன்காஃப் தெந்தியைத் தனியாகக் கூப்பிட்டார்.

"நாளைக்குப் பூசினா எத்தன நாள் தாங்கும்?"

"ரெண்டு நாள். கனமா வெச்சா மூணு."

"அவரு நிக்கப்போறது அரை நாழி. கனமாவே வை." பிறகு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார்: "எனக்கும் நாலு பொண்ணு தெந்தி."

வீட்டுக்கு வந்து தெந்தி வாசலில் உட்கார்ந்து காலைக் கழுவினார். வெயில் இன்னும் இறங்கவில்லை. ஹெனுத் வெங்காயத்தையும் உப்பு மீனையும் கொண்டுவந்து வைத்தாள். நான்கு மாதமாகச் சொல்லாததை அவர் அப்போதுதான் அவளிடம் சொன்னார். 'விருந்தாளி' என்று சொல்லவில்லை. வீடுதானே, விரிசல் என்றே சொன்னார்.

அவள் முழுவதும் கேட்டாள். "அது விழுந்திடுமா?"

"தெரியாது."

"இருபது வருஷம் பூசறீங்க, தெரியாதா?"

"நகருதுன்னு தெரியும். எங்க போய் நிக்கும்னு தெரியாது. நிக்காமலும் போகலாம்."

"பெபி உள்ளதான இருக்கான்?"

"பெபியும்தான். எல்லாருந்தான்."

அவள் ஒரு வெங்காயத்தைத் தோலுரித்தாள், சாப்பிடாமல் கையிலேயே வைத்திருந்தாள். "நீங்க சொன்னா என்ன ஆகும்?"

"மன்னர் அதுக்குள்ள தூங்கமாட்டாரு. அவரு இல்லாத எடத்துக்குப் பணியாளர் எதுக்கு? பட்டியல் போயிடும்."

"நாப்பது பேருக்குமா?"

"நாப்பது பேருக்கும்."

"அப்ப பெரியவன்?" என்று கேட்டாள். கையிலிருந்த வெங்காயத்தைக் கீழே வைத்தாள். "எங்கண்ணன் போறப்ப எங்கம்மா பின்னாடியே படகுத்துறை வரைக்கும் ஓடினா. ரொட்டி கட்டிக் குடுத்தா. அந்தத் துணியாச்சும் திரும்பி வந்துச்சா? நீங்க பூசுங்க. மூணு நாள் தாங்கற மாதிரியே பூசுங்க. முத்திரை விழட்டும். அப்புறம் அது நகருதோ நிக்குதோ, அதச் சொல்றதுக்கு வேற ஆள் இருக்காங்க."

"வேற யாரு இருக்கா?"

"எனக்கு எப்படித் தெரியும்? நான் மாவு பிசையறவ."

அவர் பூசினார். வேண்டாவெறுப்பாகப் பூசவும் இல்லை, அவருக்கு அது வராது. ஜிப்சம் மாவை இரண்டு முறை சலித்தார். மாவு நீரைத் தானாகக் குடிக்கட்டும் என்று விட்டு, நுரை அடங்கியபின் குழைத்தார். மேலே கையால் அழுத்தி, கட்டையால் வழித்து, கடைசியில் நனைந்த சணல் துணியால் ஒற்றி எடுத்தார். விளக்கு வெளிச்சத்தில் அந்தச் சுவர் பால் ஏட்டைப் போல இருந்தது. தன் வாழ்நாளில் அதைவிட நன்றாக அவர் எதையும் பூசியதில்லை என்று பிற்பாடு சொல்வார். அதைச் சொல்லும்போது பெருமையும் இருக்காது, வெட்கமும் இருக்காது. நடந்ததைச் சொல்வது போலச் சொல்வார்.

தலைவர் வந்தார். அறுபது வயதிருக்கும். கூட வந்தவர்களையெல்லாம் பாதையின் வாயிலிலேயே நிறுத்திவிட்டு, தனியாகக் குனிந்து இறங்கினார். இன்காஃப் விளக்கோடு முன்னால் போனார். அறையில் நாற்பது பேரும் சுவரோரம் நின்றார்கள். தலைவர் கூரையை அண்ணாந்து பார்த்தார். பிறகு யாரும் எதிர்பாராத ஒன்றைச் செய்தார். இடைத்துணியை இழுத்துச் செருகிக்கொண்டு சாரத்தில் ஏறினார்.

"அய்யா, பலகை ஈரமா இருக்கும்..." என்றார் இன்காஃப்.

"நான் ஏறாத சாரமா?" என்று அவர் ஏறிக்கொண்டே இருந்தார். தெந்தி விளக்கை வாங்கிக்கொண்டு பின்னால் ஏறினார். பூச்சுக்காரரே விளக்குப் பிடிப்பது வழக்கம்.

மூன்றாவது கல்வரிசையில் தலைவர் நின்றார். பூச்சின் மேல் உள்ளங்கையை வைத்து மெல்ல நகர்த்தினார். நகத்தால் ஓரத்தைத் தட்டினார்.

"யார் கை இது?"

"என்னுது அய்யா."

"மெய்தூம்ல பூசினவங்க எல்லாரையும் எனக்குத் தெரியும். ஒருத்தருக்கும் இந்தக் கை இல்ல. உம் பேரென்ன?"

"தெந்தி."

தலைவர் குனிந்து கீழே பார்த்துச் சத்தமாகச் சொன்னார்: "மேஸ்திரி, பட்டியல்ல முதல் பேரு இவன் பேரா இருக்கட்டும்." கீழே நின்றவர்கள் எல்லோரும் மூச்சு விட்டது மேலே கேட்டது. பெபி சிரித்த சிரிப்பும் கேட்டது. தலைவர் ஏணிப்படியில் காலை வைத்துவிட்டார்.

அந்த நொடியில் தெந்தி என்ன நினைத்தார் என்பதை அவர் யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை. ஹெனுத்திடம் சொன்னது இவ்வளவுதான்: "என் வேலை நல்லாருக்குன்னாரு. அந்த வேலை எதுக்கு நல்லாருந்துச்சுன்னு எனக்குத் தெரியும்."

அவர் தேய்ப்புக் கட்டையைத் திருப்பிப் பிடித்து அதன் முனையால் தன் பூச்சை ஓங்கி அடித்தார்.

ஒரு கை அகலத் துண்டு பெயர்ந்து பலகையில் விழுந்து உடைந்தது. தலைவர் திரும்பினார். இன்காஃப் கீழேயிருந்து, "ஏய் தெந்தி, பைத்தியமா உனக்கு!" என்று கத்தினார். தெந்தி இன்னொரு அடி அடித்தார். பிறகு உடைந்த ஓரத்துக்குப் பக்கத்தில் விளக்கைப் பிடித்தார்.

பூச்சு வெங்காயம் போல ஏடு ஏடாக இருந்தது. ஒன்றன்மேல் ஒன்றாகப் பதினேழு ஏடு. மேலே இருந்த புதிய ஏடு ஒன்றைத் தவிர மற்ற பதினாறும் ஒரே இடத்தில் பிளந்திருந்தன. அடியில் இருந்த ஏடு மிக அகலமாகவும், மேலே வரவரக் குறுகலாகவும். அதற்கும் அடியில் கல். கல்லில் இருட்டு.

தலைவர் சாரத்தில் கட்டியிருந்த பனையோலை ஈர்க்கு ஒன்றை உருவி அந்த இருட்டுக்குள் விட்டார். அது முழங்கை நீளம் தடையில்லாமல் போனது. மெல்ல வெளியே இழுத்தார்.

"எப்பத்திலேருந்து?"

"விதைப்புலேருந்து."

"நாலு மாசம். தினம் எனக்கு ஓலை வந்துச்சு. சுவர் அழகாக்கப்பட்டதுன்னு வந்துச்சு." அவர் குரல் உயரவில்லை. "யாரு சொல்லவேணாம்னது உங்கிட்ட? மேஸ்திரியா? எழுத்தரா?"

கீழே ஒருவரும் அசையவில்லை. தெந்தி ஒரு பெயரைச் சொல்லியிருக்கலாம், அது பொய்யாகவும் இருந்திருக்காது.

"மேஸ்திரியால ஏற முடியாது. எழுத்தர் உள்ள வர்றதில்ல. நான்தான் பக்கத்துலேருந்து பார்த்தவன். நான் கொஞ்சம் மோசமாப் பூசியிருந்தாகூட எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கும் அய்யா. நான் நல்லாப் பூசிட்டேன்."

தலைவர் அவர் முகத்தைப் பார்த்தார், பிறகு கையைப் பார்த்தார். "சொன்னதுக்கு உனக்குத் தண்டனை கிடையாது. நாலு மாசம் சொல்லாம இருந்ததுக்கு உண்டு" என்றார். இறங்கும்போது, "இனிமே இங்க ஒருத்தரும் பூசக்கூடாது. எல்லாரும் வெளிய போங்க, இப்பவே" என்றார்.

அதன்பிறகு நடந்ததெல்லாம் ஆற்றோரம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். மேலே கல் ஏற்றுவது ஒரு பருவம் நின்றது. வடக்குக் கடல் தாண்டி வந்த தேவதாரு உத்தரங்களை இறக்கி உள்ளறையில் சுவருக்குச் சுவர் முட்டுக் கொடுத்தார்கள். பிறகு பாரத்தைக் குறைப்பதற்காக, பாதி உயரத்துக்கு மேல் சாய்வைத் தாழ்த்திக் கட்டினார்கள். செங்குத்தாக ஏறிக்கொண்டிருந்த மலை நடுவில் ஏதோ ஞாபகம் வந்தது போல வளைந்து, அவசரமாக முடிந்தது. மன்னரிடம் சேதி சொன்னபோது அவர், "அப்ப இன்னொண்ணு கட்டுவோம் தோழா" என்றாராம். அரண்மனைப் படகோட்டிகள் சொன்னது இது. படகோட்டிகள் எதையும் கூட்டித்தான் சொல்வார்கள். ஆனால் இன்னொன்று கட்டியது உண்மை. வடக்கே ஒரு நடை தூரத்தில், அடியிலிருந்தே சாய்வாக, செம்மண் நிறக் கல்லில் மூன்றாவது பிரமிடு எழுந்தது.

இன்காஃபை மேஸ்திரி வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். நாற்பது பேர் பட்டியலில் முத்திரை விழவில்லை. தெந்தி இரண்டு வெள்ளக் காலம் மறுபடி கயிறு இழுத்தார், முப்பத்தெட்டு வயதில், பதினாறு வயதுக்காரர்களோடு. கயிறு பிடிக்க ரேகை இல்லாத கை உதவாது, வழுக்கும். துணி சுற்றிக்கொண்டு இழுத்தார்.

அவரைப் பார்த்தால் பழைய ஆட்கள் தெருவின் மறுபக்கம் போனார்கள். ரொட்டிச் சாலையில் ஹெனுத்தின் பக்கத்துக் கல்லில் உட்கார்ந்து பிசைந்தவள் இடம் மாறி உட்கார்ந்தாள். ஹெனுத் வீட்டில் சண்டை போடவில்லை. சமைத்தாள், பரிமாறினாள், பிள்ளைகளைப் பற்றிப் பேசினாள். அன்றைக்கு நடந்ததைப் பற்றி மட்டும் ஒரு சொல் பேசவில்லை. மூத்தவனை மறுவருடம் சுரங்கத்துக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள். அவள் படகுத்துறை வரைக்கும் போனாள், ஓடவில்லை. இரண்டு வருடம் கழித்து அவன் திரும்பி வந்தான். இடதுகையில் இரண்டு விரல் இல்லை. இருமல் இருந்தது. ஆனால் வந்தான்.

பெபி ஒரு வருடம் முழுக்கத் தெந்தியோடு பேசவில்லை. பிறகு பேசினான், ஆனால் பழைய பேச்சு இல்லை. தெந்தி வடக்குப் பிரமிடில் வெளிவேலைப் பூச்சுக்காரராகச் சேர்ந்தார். வேலைக்குப் போகிற வழியில் தினமும் வலதுபக்கத் தோளுக்கு மேல் அந்த வளைந்த மலை தெரியும். அது விழவில்லை. அந்த வருடமும் விழவில்லை, அடுத்த வருடமும் விழவில்லை. உள்ளே முட்டுக் கொடுத்த உத்தரங்களால் நிற்கிறது என்றார்கள் சிலர். ஒன்றுமே கொடுக்காமல் விட்டிருந்தாலும் நின்றிருக்கும் என்றார்கள் சிலர். உள்ளே போய்ப் பார்த்தவர் யாருமில்லை, வாயிலை அடைத்துவிட்டார்கள்.

மன்னர் இறந்து எழுபது நாள் துக்கம் முடிந்து, வடக்குப் பிரமிடில் அவரைக் கிடத்தியபின், எல்லோருக்கும் மாட்டிறைச்சியும் பியரும் கொடுத்தார்கள். அன்று மத்தியானம் ஆற்றங்கரையில் தெந்தியும் பெபியும் ஒரே பானையில் நாணல் குழாய் வைத்துக் குடித்துக்கொண்டிருந்தார்கள். இருவருக்கும் தலை நரைத்துவிட்டது. வடக்குப் பிரமிடின் நிரந்தரப் பணியாளர் பட்டியலை அன்று காலையில்தான் வாசித்திருந்தார்கள். வேறு நாற்பது பெயர்கள். பெபிக்கு முகம் சிவந்திருந்தது. தெற்கே கை நீட்டினான்.

"பாரு மச்சான். நிக்குது."

"ம்."

"ஒரு கல்லு உதிரல. ஒரு ஆள் சாகல. உன் விருந்தாளி உள்ள படுத்துத் தூங்கறாரு."

"தூங்கட்டும்."

"அப்ப அன்னிக்கு நீ சொன்னது தப்பா சரியா? அத மட்டும் சொல்லு. பத்து வருஷமா கேக்கணும்னு இருக்கேன்."

"தெரியல பெபி."

"தெரியலயா?" பெபி குழாயைப் பானையிலிருந்து பிடுங்கி மணலில் எறிந்தான். "நாப்பது குடும்பத்து ரொட்டி. உன் பையனோட ரெண்டு விரலு. எல்லாம் போயாச்சு. இப்ப வந்து தெரியலங்கற! அன்னிக்குத் தெரிஞ்ச மாதிரிதான கட்டையத் தூக்கி அடிச்ச?"

"அன்னிக்கும் தெரியாது" என்றார் தெந்தி. "விழுமா விழாதான்னு தெரிஞ்சுக்க ஒரே வழிதான் இருந்துச்சு. உங்களையெல்லாம் உள்ளயே வெச்சுப் பார்க்கணும். அப்படித் தெரிஞ்சுக்க எனக்கு மனசு வரல."

ஆற்றில் ஒரு கல்படகு காலியாகத் தெற்கே போய்க்கொண்டிருந்தது. அது திருப்பத்தில் மறையும்வரை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு பெபி எழுந்து போய், மணலில் கிடந்த குழாயை ஆற்றுநீரில் அலசிக்கொண்டு வந்து மறுபடி பானைக்குள் விட்டான்.

"தள்ளி உக்காரு மச்சான்" என்றான். "பானைய நீயே கட்டிப் புடிச்சிட்டிருக்க."